உயிரின் காசைக் கண்டவர்

மூச்சு நின்றால் உயிர் நில்லாது என்பதை அறியாதார் இல்லை. ஆனால் உள்ளே சென்ற மூச்சு என்ன செய்கிறது என்று கேட்டால் விடை சொல்வோர் சிலரே. அடுப்பில் விறகு எரிவதுபோல உடலில் உணவு எரிகிறது என்று பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மை. வெறும் சூட்டைக் கொண்டு கை அசையாது, கண் இமைக்காது. அறுவடையான நெல்லைக் காசாக்கினால்தான் உழவர் பள்ளிச் சம்பளமும் கட்டலாம், பஸ்ஸிலும் ஏறலாம். அதுபோல, உணவின் ஆற்றலும் உயிரணு செலவிடத்தக்க ஒரு காசாக மாறியாக வேண்டும். அந்தக் காசை முதன்முதலில் பிரித்தெடுத்துப் பார்த்தவர்களுள் ஒருவர் சென்னையில் படித்தவர். அவரே டாக்டர் எல்லப்ரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தார். எளிய தெலுங்குக் குடும்பம். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மாநிலக் கல்லூரியில் பயின்றபின் துறவியாகிவிட எண்ணினார்; தாய் இசையவில்லை. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதர் அணிந்தார். அறுவை வகுப்புக்கும் கதர் அங்கியே அணிந்து வந்தார். ஆங்கிலேயப் பேராசிரியரின் மனம் கசந்தது. பிற பாடங்களை நன்கு எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

இதற்கிடையில் அவருடைய சகோதரர் இருவரை ஸ்புரூ என்னும் குடல் நோய் கொண்டுபோயிற்று. நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற வேட்கை அவரை விடவில்லை. சில காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். பின்னர், 1920-களின் தொடக்கத்தில், மனைவியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். அதன்பின் அவர் தாய்நாட்டு மண்ணை மிதிக்கவே இல்லை.

அங்கே பகலில் ஹார்வர்டில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் கடைநிலை ஊழியம். பிறகு சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. இருவரும் சேர்ந்து 1925-இல், உடல் நீர்களில் உள்ள பாஸ்பரஸை அளக்க ஒரு முறை வகுத்தனர். பாஸ்பேட்டுடன் மாலிப்டேட்டைச் சேர்த்து உரிய மருந்தை ஊற்றினால் நீலநிறம் தோன்றும். நீலம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பாஸ்பரஸ். உயிர்வேதியியல் பயிலும் நாங்கள் செய்முறை வகுப்பில் இன்றும் இம்முறையைச் செய்கிறோம். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றே அதற்குப் பெயர்.

தசைச் சாற்றை இம்முறையால் அளந்தபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. நீலம் உடனே ஏறவில்லை. மெல்ல மெல்ல ஏறியது. முறையில்தான் ஏதோ பிழை என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. அமிலம் பட்டதும் சிதைந்து பாஸ்பேட்டைச் சிறிது சிறிதாக வெளிவிடும் பொருள் ஒன்று தசையில் இருக்க வேண்டும் என்று கண்டுகொண்டனர். பாஸ்போகிரியேட்டின் எனப்படும் அப்பொருளை 1927-இல் வெளியிட்டனர். பூனையின் தசையைத் தூண்டி வேலை வாங்கினால் அது குறைந்தது. ஓய்வு கொடுத்தால் மீண்டும் நிறைந்தது. தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே மூலம் என்பது அன்றைய கொள்கை. அத்துறை ஆராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசே அளிக்கப்பட்டிருந்தது. அக்கொள்கை ஆட்டங்கண்டது.

1929-இல் அதனினும் பெரிய பொருள் அகப்பட்டது. அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் தனியே அதைக் கண்டார். நான் முதலில் சொன்ன காசு இதுதான். மூன்று பாஸ்பேட்டுகள் தொடராகக் கோத்த மூலக்கூறு. கடைசி பாஸ்பேட் கழலும்போது கிடைக்கும் ஆற்றலால் தசை சுருங்குகிறது, நரம்பு பேசுகிறது. கழன்ற பாஸ்பேட்டை மீண்டும் கோப்பதற்கே நாம் மூச்சு விடுகிறோம். மைட்டோகாண்டிரியாவில், உணவிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கி ஆக்சிஜனைச் சேர்கின்றன. அந்த இறக்கத்தின் விசை புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி வரும் வழியில், நீர் விழுந்து சுழலும் சக்கரம்போல் ஒரு நொதி சுழன்று ஏ.டி.பி.யை வார்க்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு ஏறத்தாழ 30 காசு. உடலில் ஒரு வேளையில் இருப்பு என்னவோ சிறிதுதான். ஆனால் அது ஓயாமல் செலவாகி ஓயாமல் வார்க்கப்படுவதால், ஒரு மனிதன் ஒரு நாளில் தன் எடையளவு ஏ.டி.பி.யை உண்டாக்குகிறான் என்று கணக்கிடுகின்றனர்.

இத்தனைக்கும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே அவர் தலைமையில் இயங்கிய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான மருந்தும், ஆரியோமைசினும், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முதலில் சற்றே தணித்த அமினாப்டெரினும் அவ்வாய்வுக்கூடத்திலிருந்தே வந்தன. 1948 ஆகஸ்டில், 53-ஆம் வயதில், அவருடைய இதயம் உறக்கத்திலேயே நின்றது.

ஏ.டி.பி. ஆற்றலை ஏந்திச் செல்வதை 1941-இல் லிப்மன் விளக்கினார். அது வார்க்கப்படும் வகையை மிச்செலும், பின்னர் பாயரும் வாக்கரும் விளக்கினர். நால்வரும் நோபெல் பரிசு பெற்றனர். சுப்பாராவ் பெறவில்லை. ஒரு பூஞ்சைக்கு அவர் பெயர் இட்டனர். 1995-இல் இந்திய அரசு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. புகழுக்காக அவர் எந்தக் கதவையும் தட்டியதில்லை. ஆனாலும், ஏ.டி.பி. என்ற மூன்றெழுத்தைத் தேர்வுத்தாளில் நாள்தோறும் எழுதும் நாம் அவர் பெயரை அறியாமலிருப்பது முறையன்று. மெட்ரிகுலேஷனில் இருமுறை தோற்ற ஒரு சென்னை மாணவர் சோதனைக் குழாயில் நீலம் தாமதமாக ஏறியதைப் பொறுமையோடு கவனித்தார். நம் ஒவ்வொரு மூச்சும் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை உலகம் அறிய அந்தப் பொறுமையே வழி திறந்தது.