பல துறைகளைக் கலந்து படிக்க ஆசையா? இராவதி கார்வேயைத் தெரிஞ்சுக்கோங்க!

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில இருக்கிற நார்த்தாமலைக்குப் போயிருக்கீங்களா? மேலமலைப் பாறையில ஏறினால், வட்டக் கருவறையோடு ஒரு கற்கோயில் நிற்கும். பேர், விஜயாலய சோழீஸ்வரம். ஆனா, கட்டியவர் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன், அது மழையில் சிதைந்து பிறகு எடுத்துக் கட்டப்பட்டது என்கிறது அங்குள்ள கல்வெட்டு. எதிரே இருக்கும் குடைவரைக்கு ஊர் மக்கள் சொல்லும் பேர், சமணர் குடகு. உள்ளே போனால் சுவர் நெடுக 12 திருமால் சிற்பங்கள்! கீழே ஊருக்குள்ள பங்குனி வந்துட்டா, முத்துமாரியம்மன் திருவிழாக் கூட்டம்.

இந்த ஒரு ஊரைப் புரிஞ்சுக்க எந்தப் பாடம் படிக்கணும்? வரலாறு மட்டும் போதாது, கல்வெட்டு மட்டும் போதாது, சமூகவியலும் வேணும். இப்படி எல்லாத்தையும் சேர்த்து, மானுடவியலை நடுவுல வெச்சு முதுகலை படிக்கலாம்னு நீங்க யோசிச்சா, அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவேன்னுதான் வீட்டில முதல்ல கேட்பாங்க. நியாயமான கேள்விதான். பதில் தேடுறதுக்கு முன்னாடி இராவதி கார்வேயின் கதையைக் கேளுங்க.

1905-ல் பர்மாவில் பிறந்தவர். அங்கே ஓடும் ஐராவதி ஆற்றின் பேரையே அவருக்கு வெச்சாங்க. ஏழு வயசுல படிப்புக்காகப் புனே வந்தார். கூடப் படித்த தோழியின் குடும்பமே அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக வளர்த்தது. ஃபெர்குசன் கல்லூரியில் தத்துவம் படித்து 1926-ல் இளங்கலை முடித்தார். பிறகு மும்பையில் பேராசிரியர் குர்யேயிடம் சமூகவியல். 1928-ல் முதுகலைப் பட்டம். அதற்காக அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள், தன் சொந்தச் சாதியான சித்பவன் பிராமணர்கள்.

அடுத்து ஜெர்மனி. கணவர் தினகர் வேதியியல் படித்தவர், அவர் பக்கபலமாக நின்றார். எதிர்ப்பு யாரிடமிருந்து வந்தது தெரியுமா? விதவை மறுமணத்துக்கும் பெண் கல்விக்கும் வாழ்க்கையையே கொடுத்த மாமனார் தோண்டோ கேசவ் கார்வேயிடமிருந்து! ஆனாலும் இராவதி கப்பல் ஏறினார்.

பெர்லினில் அவருடைய வழிகாட்டி ஆய்கன் ஃபிஷர். அவருடைய இனக் கருத்துகள்தான் பின்னாளில் நாஜிகளின் கொள்கைக்குத் துணைபோயின. ஐரோப்பிய வெள்ளையர்களின் மண்டையோட்டில் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது, அவங்க அறிவு உயர்ந்தது என்பதற்கு அதுவே அடையாளம் என்பது அவர் யூகம். அதை நிரூபிக்கும் வேலை இராவதியிடம் வந்தது. 149 மண்டையோடுகளை அளந்தார். யூகத்துக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கலை. சமமின்மைக்கும் இனத்துக்கும் தொடர்பில்லைன்னு எழுதிக் கொடுத்தார்.

நீங்களே நினைச்சுப் பாருங்க. தெரியாத ஊர், கடன் வாங்கிப் படிக்கிற படிப்பு, பட்டம் இருப்பதோ அந்த வழிகாட்டியின் கையில. அவர் விரும்பும் பதிலை எழுதிட்டு ஊர் திரும்பியிருக்கலாம். இராவதி எழுதலை. மதிப்பெண் குறைந்தது. ஆனாலும், முனைவர் பட்டத்தோடுதான் திரும்பினார்.

வந்ததும் ஆராய்ச்சி வேலை காத்திருந்ததா? இல்லை. 1931 முதல் 1936 வரை, எந்த மாமனார் போக வேண்டாம்னு சொன்னாரோ அவர் தொடங்கிய பெண்கள் பல்கலைக்கழகத்தில்தான் நிர்வாக வேலை. 1939-ல் புனே டெக்கான் கல்லூரிக்குப் போன பிறகுதான், படித்த எல்லாமே ஒண்ணு சேர ஆரம்பித்தது.

தொல்லியல் அறிஞர் சங்காலியாவோடு குஜராத்தின் லங்னாஜில் அகழாய்வுக்குப் போனார். ஊர் ஊராகப் போய் மக்களின் உடலை அளந்தார். சம்ஸ்கிருத நூல்களைத் தோண்டினார். 1953-ல் வந்த அவருடைய புத்தகம், இந்தியாவின் உறவுமுறைகளை நான்கு மண்டலங்களாகப் பிரித்துப் பார்த்தது. அதுல நம்ம வீட்டுக் கதையும் இருக்கு. வடக்கே முன்பின் தெரியாத குடும்பத்துக்குப் பெண் போகிறாள். தெற்கிலோ அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் இருப்பதால், புகுந்த வீடு பலருக்கும் ஏற்கெனவே தெரிஞ்ச வீடு. நாம மாமியாரை ஏன் அத்தைன்னு கூப்பிடுறோம் என்பதற்குப் பின்னால் ஒரு சமூக அமைப்பே இருக்கு.

பண்டரிபுரம் போகும் பக்தர்களோடு நடந்தும் போனார். பாட்டில் ஒன்றாக இருந்த கூட்டம், சாப்பாட்டு நேரத்தில் சாதிவாரியாகப் பிரிவதைக் கவனித்து எழுதினார். மகாபாரத மாந்தர்களை மனிதர்களாகவே பார்த்த அவருடைய யுகாந்தா, மராத்திக்கான சாகித்ய அகாடமி விருது பெற்றது. புனே தெருக்களில் ஸ்கூட்டர் ஓட்டிப் போன அந்தப் பேராசிரியை 1970-ல் மறைந்தார்.

அவருடைய ஒவ்வொரு பட்டமும் முந்தையதிலிருந்து விலகிப் போன மாதிரிதான் தெரியும். மாறாமல் இருந்தது ஒண்ணுதான்: கண்ணில் பட்டதை, யாருக்குப் பிடிக்காவிட்டாலும் எழுதுவது. பல துறை படிப்பதால் வேலை உடனே கிடைச்சிடாது, அவருக்கே கிடைக்கலை. ஆனா, ஒரு துறை மறைப்பதை இன்னொண்ணு காட்டிக்கொடுக்கும்.

அடுத்த பங்குனியில் நார்த்தாமலைக்குப் போனால், கோயிலைப் பின்னாடி வெச்சு செல்ஃபி எடுங்க, தப்பில்லை. அப்புறம் போனைப் பைக்குள்ள போட்டுட்டு, யார் எங்கே நிற்கிறாங்க, யாருக்கு முதல் மரியாதைன்னு ஒரு மணி நேரம் பாருங்க. அங்கேயே கேள்விகள் வரிசையா வந்தா, எந்த முதுகலைக்கு விண்ணப்பிக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.