தேயிலைத் துரைக்குக் கல்லறை, கடலில் போனவர்களுக்கு?

கண்டி மஹியாவ மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கிறது. இலங்கையில் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அதன் முன் நிற்கும்போது எனக்கு மலையைவிடக் கடல்தான் நினைவுக்கு வருகிறது.

1835 இல் ஸ்கொட்லாந்தில் பிறந்த டெய்லர், 16 வயதில் லண்டனில் கப்பலேறினார். அப்போது சுயஸ் கால்வாய் இல்லை. ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, மாதக்கணக்கில் பயணித்து, 1852 இல் இலங்கைக்கு வந்தார். கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில் காடழித்துக் கோப்பி நடும் வேலை. சாகும்வரை அங்கேயே இருந்தார்.

1867 இல் அவர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதே ஆண்டில்தான் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. கொழும்புக் கோட்டை மணிக்கூட்டுக் கோபுரத்தின் உச்சியில் விளக்கேற்றி அதை வெளிச்சவீடாகவும் ஆக்கினார்கள். மலையில் விளைந்தது ரயிலில் துறைமுகத்துக்கு இறங்கியது. அதை ஏற்றப் போகும் கப்பல்கள் இரவில் அந்த ஒளியைப் பார்த்துக் கரை அறிந்தன. 1873 இல் டெய்லரின் தேயிலை 23 இறாத்தல் லண்டனுக்குப் போனது. இலைநோயில் கோப்பி அழிந்த பிறகு தோட்டங்களைக் காப்பாற்றியது இந்தப் பயிர்தான்.

காடழித்த கைகள் வந்த வழி வேறு. தமிழ்நாட்டிலிருந்து தோணிகளில் பாக்கு நீரிணையைக் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று கண்டிக்கு நடந்தார்கள். பசியிலும் கொலராவிலும் பலர் வழியிலேயே விழுந்தார்கள். 1864 இல் ஆதிலட்சுமி என்ற கப்பல் மூழ்கி 120 தொழிலாளர் இறந்ததாக மலையக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவர்களில் ஒருவரது பெயராவது நம்மில் யாருக்குத் தெரியும்?

கடைசியில் தோட்ட நிர்வாகம் டெய்லரையும் வெளியேறச் சொன்னது. அவர் மறுத்தார். 1892 மே 2 ஆம் திகதி வயிற்றுளைவில் இறந்தார். தோட்டத் தொழிலாளர்கள் முறை மாற்றித் தோளில் சுமந்து அவரது உடலைக் கண்டிக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த மக்களின் பிள்ளைகள் பலர் 1977 வன்முறைக்குப் பின் மலையை விட்டு வன்னிக்கு வந்தார்கள். 2009 இல் நம்மோடு சேர்ந்தே இடம்பெயர்ந்தார்கள். 2023 இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனது. முன்னோர் வந்த அதே பாதை. நடந்தவர்கள் கேட்டவற்றில் ஒன்று, தாங்கள் வாழும் மண்ணில் சொந்தக் காணி.