போர்க்களத்து மருத்துவர் கோட்னிஸ்

போர்க்களம் என்றதும் வாளேந்திய வீரரே நம் நினைவுக்கு வருவர். அறுவைக் கத்தி ஏந்தி உயிர் காத்த வீரர் ஒருவரைப் பற்றி எழுத விழைகிறேன். அவர்தாம் டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ்.

1910ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மராட்டிய நாட்டுச் சோலாப்பூரில் பிறந்தார். பம்பாயில் மருத்துவம் பயின்றார். 1937இல் சப்பானியப் படை சீனத்தின்மேல் பாய்ந்தது. சீனத் தளபதி சூ தே, நேருவிடம் மருத்துவ உதவி வேண்டினார். சுபாஷ் சந்திர போஸ் தலைமை வகித்த காங்கிரசு, 1938இல் ஐந்து மருத்துவரை அனுப்பியது. அவருள் ஒருவர் கோட்னிஸ். சீனத்தில் இருக்கையிலேயே தந்தை இறந்த செய்தி வந்தது. ஊர் திரும்பலாம் என்றிருந்தும் அவர் திரும்பவில்லை.

நண்பர்களே! எலெக்ட்ரானிக் சிட்டியை அடுத்த மருத்துவமனை ஒன்றில் நான் பயிற்சி பெறுகிறேன். ஓசூர்ச் சாலை விபத்தில் அடிபட்ட மூவர் ஒரே வேளையில் வந்தால் யாரை முதலில் நோக்குவது? அலறுபவனிடம் ஓடத்தான் மனம் சொல்லும். ஆனால் அலறுபவனுக்கு மூச்சு இருக்கிறது. அடங்கிக் கிடப்பவனுக்கே ஆபத்து மிகுதி. முறிந்த காலைக் கட்டையிட்டுக் கட்டினால் அது சற்றுப் பொறுக்கும். முகம் வெளுத்து, நாடி விரைந்து, வயிற்றுக்குள் குருதி கசிபவன் பொறுக்கமாட்டான். படைத்தலைவனாயினும் கடைநிலை வீரனாயினும் காயத்தின் கடுமையே வரிசையை வகுக்க வேண்டும் என்று நெப்போலியன் காலத்திலேயே லார்ரே என்னும் பிரெஞ்சு மருத்துவர் வகுத்துவிட்டார்.

எங்களுக்கு ஸ்கேன் உண்டு. இரத்த வங்கி உண்டு. மலைச் சிற்றூர்களில் பணிபுரிந்த கோட்னிசுக்கோ கண்ணும் கையுமே பெருந்துணை. பெனிசிலின் படைகளுக்குக் கிட்டாத காலம் அது. காயத்தை உடனே தைத்து மூடினால் உள்ளே சீழ் பிடிக்கும். செத்த தசையை அகற்றித் திறந்தே விடவேண்டும். காலை வெட்டினால் உயிர் பிழைக்கும். தயங்கினால் இரண்டும் போகும். இத்தகைய முடிவுகளை நொடியில் எடுப்பது எளிதோ? 1940இல் நடந்த பெரும்போரில் 72 மணி நேரம் உறங்காமல் அறுவை செய்தார் என்றும், 800 பேருக்கு மேல் மருத்துவம் பார்த்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

கனடா நாட்டு மருத்துவர் பெத்யூன், அறுவையின்போது விரலில் பட்ட வெட்டு நஞ்சாகி 1939இல் மாண்டார். அவர் பெயர் தாங்கிய மருத்துவமனைக்கு 1941இல் கோட்னிஸ் தலைவரானார். சீனம் கற்று, அம்மொழியிலேயே மாணவருக்குப் பாடம் சொன்னார். அங்கேயே குவோ சிங்லான் என்னும் செவிலியை மணந்தார். பிறந்த மகனுக்கு இந்தியாவையும் சீனத்தையும் குறிக்கும் இன்ஹுவா என்னும் பெயர் அமைந்தது.

வலிப்பு நோய் அவரை வாட்டியது. ஓய்வு கொள்ளாது, அறுவை மருத்துவ நூலொன்றை எழுதிக்கொண்டிருந்தார். 1942 டிசம்பர் 9ஆம் நாள், 32ஆம் வயதில் அவ்வுயிர் பிரிந்தது. உடன் சென்ற நால்வரும் தாயகம் மீண்டனர்; அவர் மீளவில்லை.

பிறர் காயங்களை வரிசைப்படுத்தத் தெரிந்தவர், தம் நோயை மட்டும் கடைசி வரிசையில் வைத்துவிட்டார். அதில் எனக்கு வருத்தமே. ஆயினும் யாருக்கு முதலில் கை நீட்டுவது என்ற வினாவுக்கு இனமும் நாடும் பாராமல் விடை கண்ட அவ்வுள்ளம், மருத்துவம் பயிலும் நம் அனைவருக்கும் வழிகாட்டி அன்றோ!