கணவர் மேல் வந்த திடீர் சந்தேகம்: அல்சைமர் நோயின் முதல் பதிவான அகுஸ்டே டேட்டரின் கதை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், மெடிக்கல் காலேஜ் போகும் பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டத்தில் தமிழ்ப் பேச்சும் காதில் விழும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து வயதான அப்பா, அம்மாவை டாக்டரிடம் காட்ட அழைத்து வருபவர்கள் அதில் இருப்பார்கள். அவர்களில் சிலர் சொல்ல வரும் பிரச்சினையைச் சொந்தக்காரர்களிடம்கூடப் பேச முடியாது. 70 வயது அம்மாவுக்கு, இத்தனை வருஷம் கூட வாழ்ந்த அப்பா மேல் திடீரென்று சந்தேகம். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சேர்த்துப் பேசுகிறார். வளையலை மருமகள் எடுத்துவிட்டாள் என்கிறார். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று குடும்பமே வாயை மூடிக்கொள்கிறது.

இதே மாதிரி ஒரு சந்தேகம் 1901-ல், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், ரயில்வே கிளார்க் ஒருவரின் வீட்டிலும் வந்தது. சந்தேகப்பட்டவர் அவருடைய மனைவி அகுஸ்டே டேட்டர். அல்சைமர் என்ற பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது டாக்டரின் பெயர். அந்த நோயை அவர் முதலில் விரிவாகப் பதிவு செய்தது இந்தப் பெண்ணிடம்தான்.

யார் இந்த அகுஸ்டே?

1850 மே 16-ல் காசெல் நகரத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். 14 வயதில் தையல் வேலைக்குப் போனார். 1873-ல் கார்ல் டேட்டரைக் கல்யாணம் செய்துகொண்டு ஃபிராங்க்ஃபர்ட்டில் குடியேறினார். ஒரு மகள். வீட்டு வேலை, சமையல், குடும்பம் என்று சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கை.

50 வயதைத் தாண்டியபோது எல்லாம் மாறியது. மற்றவர்கள் முதலில் கவனித்தது மறதியை இல்லை, கணவர் மேல் அவருக்கு வந்த பொறாமையைத்தான். அதற்குப் பிறகு ஞாபகம் வேகமாகக் குறைந்தது. சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் தடுமாறினார். பொருட்களை அங்கும் இங்கும் இழுத்துப் போட்டார், ஒளித்து வைத்தார். யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று சில நேரம் கத்தினார். 1901 நவம்பர் 25-ல், ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் கார்ல் அவரைச் சேர்த்தார். அப்போது அகுஸ்டேவுக்கு 51 வயது.

அங்கே அவரைப் பார்த்தவர் 37 வயது டாக்டர் அலோய்ஸ் அல்சைமர். பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதில்களை அப்படியே எழுதி வைத்தார். மதியம் காலிஃபிளவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த அகுஸ்டே, அதைக் கீரை என்றார். தன் பெயரை எழுதச் சொன்னபோது முழுதாக எழுத முடியவில்லை. தன்னையே தொலைத்துவிட்டதாகச் சொன்னார். ஆளில்லாத இடத்தில் அவருக்குக் குரல்கள் கேட்பது போலவும் இருந்தது.

அல்சைமர் பிறகு ஹைடல்பெர்க்குக்கும், 1903-ல் மியூனிக்குக்கும் வேலை மாறிப் போனார். போன பிறகும் அகுஸ்டேவின் நிலையை விசாரித்துக்கொண்டே இருந்தார். நாலு வருடத்துக்கும் மேல் அங்கேயே இருந்த அகுஸ்டே, 1906 ஏப்ரல் 8-ல், 55 வயதில் இறந்தார். அவருடைய மூளை மியூனிக்குக்கு அனுப்பப்பட்டது.

மூளையில் என்ன இருந்தது?

மூளை பரவலாகச் சுருங்கியிருந்தது. வெள்ளிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, நரம்பு செல்களுக்குள் முறுக்கிய நூல் சிக்கு போன்ற கட்டுகளும், செல்களுக்கு வெளியே சின்னச் சின்னப் படிவுகளும் தெரிந்தன. மூளையின் மேலடுக்கில், நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையான நரம்பு செல்களில் இந்த மாற்றம் இருந்தது.

1906 நவம்பர் 3-ல், டூபிங்கன் நகரில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் அல்சைமர் இதைச் சொன்னார். ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 1910-ல், எமில் கிரெப்லின் தன் பாடநூலில் இந்த நோய்க்கு அல்சைமர் பெயரை வைத்தார். அகுஸ்டேவின் கேஸ் ஃபைல் பல பத்தாண்டுகள் காணாமலே கிடந்து, 1995-ல்தான் ஃபிராங்க்ஃபர்ட்டில் கிடைத்தது.

மறதி ஏன் சந்தேகமாக மாறுகிறது?

வளையலைக் கழற்றி அரிசி டப்பாவில் வைத்த ஞாபகம் அம்மாவுக்கு இல்லை. வளையலைக் காணோம் என்பது மட்டும் தெரிகிறது. அந்த இடைவெளியை மூளை ஒரு கதையால் நிரப்புகிறது: யாரோ எடுத்துவிட்டார்கள். அந்தக் கதை உண்மையா என்று சரிபார்க்க உதவும் மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் பாதிக்கப்பட்டிருந்தால், நாம் என்ன விளக்கினாலும் எடுபடாது. அல்சைமர் நோயாளிகளில் 10 பேரில் சுமார் 4 பேருக்கு, ஏதோ ஒரு கட்டத்தில் இப்படிப்பட்ட தவறான நம்பிக்கையோ, இல்லாத ஆள் தெரிவதோ, குரல் கேட்பதோ வருகிறது. கண்பார்வையும் காதும் மங்கியிருந்தால் சிக்கல் இன்னும் கூடும்.

அப்போ, ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? தெரியாது. மூளைச் சுருக்கம் எம்ஆர்ஐயில் தெரியும். ஆனால் வயதானால் ஓரளவு சுருக்கம் எல்லோருக்கும் உண்டு. அதை மட்டும் வைத்து ஒருவர் ஏன் சந்தேகப்படுகிறார் என்று சொல்ல முடியாது. கட்டி, ரத்தக்கசிவு, பக்கவாதம் போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் ரொம்பவே உதவும். தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகளும் அதோடு சேர்த்துத் தேவை.

வீட்டில் என்ன செய்யலாம்?

குழப்பமும் சந்தேகமும் ஓரிரு நாளில் திடீரென்று வந்தால் காத்திருக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று உடனே சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாதக்கணக்கில் மெல்ல வந்தது என்றால், நரம்பியல் அல்லது மனநல டாக்டரைப் பாருங்கள். சந்தேகத்தை மறைக்காமல் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, மறதி இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு போனால் நல்லது. மனநோய்க்கான மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அவற்றால் மரணம் ஏற்படும் ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2005-லேயே எச்சரித்திருக்கிறது. டாக்டர் அவசியம் என்று நினைத்தால் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குத் தருவார்.

வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். வளையலைச் சேர்ந்து தேடுங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலிமானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கார்ல் டேட்டர் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன அன்று, அந்த நோய்க்குப் பெயரே கிடையாது. இன்று பெயரும் இருக்கிறது, கேட்க டாக்டரும் இருக்கிறார். அம்மா அப்பாவைச் சந்தேகப்பட்டால், அதைக் குடும்ப ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் முதல் மாதத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.