விருதுநகர் நகராட்சியும் பெருந்தலைவரும்

காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில் விளையும் பருத்தியும் மல்லியும் வற்றலும் விலை தேடிச் செல்லும் சந்தை விருதுபட்டி. 1923இல் அது விருதுநகர் எனப் பெயர் பெற்றது. அவ்வூரில் 1903 சூலை 15ஆம் நாள் குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் காமராசர். இளமையிலேயே தந்தையை இழந்ததும், வீட்டுக்கு வீடு திரட்டிய பிடியரிசியால் நடந்த சத்திரிய வித்தியாசாலையில் சில ஆண்டுகளே பயின்றதும், தாய்மாமன் துணிக்கடையில் நின்றதும் நாடறிந்த செய்திகள். முதலமைச்சராக அவர் கட்டிய அணைகளையும் திறந்த பள்ளிகளையும் பாடாத மேடை இல்லை. தம் ஊர் நகராட்சியோடு அவருக்கிருந்த தொடர்பைத்தான் நம்மவர் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் வாழ்வின் பெரிய முடிவுகள் பலவற்றுக்கும் வித்து அங்கேதான் கிடக்கிறது.

அந்நாளில் நகராட்சி என்பது வசதி படைத்தோரின் அவை. வாக்குரிமை வரி செலுத்துவோரைச் சார்ந்திருந்தது. விருதுநகர் வணிகப் பெருமக்கள் பலர் நீதிக்கட்சியின் பக்கம் நின்றனர். கதர்த்துணியைத் தவிர வேறு உடைமை இல்லாத ஒரு காங்கிரசுத் தொண்டர் அந்த அவைக்குள் நுழைவது எளிதன்று. சொத்தில்லாத காமராசர் தேர்தலில் நிற்பதற்காகப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் ஆடு வாங்கி, அதற்கான வரியை அவர் பெயரில் கட்டி, வேட்பாளராகும் தகுதியைத் தேடித் தந்தார் என்பது இவ்வட்டாரத்து வாய்மொழி வரலாறு. சொல்வோருக்குச் சொல்வோர் அது சற்றே மாறும். பின்னாளில் இருவரும் எதிரெதிர் அணிகளில் நின்று கடுமையாக மோதியதைக் கண்டவர்களும் இந்தக் கதையைக் கைவிடவில்லை. கைவிடாதது நல்லதே.

1937இல் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குப் போட்டியின்றித் தேர்வானார். 1940இல் தமிழ்நாடு காங்கிரசுத் தலைவர் பதவிக்கு, இராசாசியின் ஆதரவு பெற்ற சி.பி. சுப்பையாவை எதிர்த்து 103க்கு 100 என்னும் கணக்கில், மூன்றே வாக்கு வேறுபாட்டில் வென்றார். போர் நிதிக்குப் பொருள் தரலாகாது என்று ஊர் ஊராகப் பேசியதற்காக அவ்வாண்டின் இறுதியில் கைது செய்யப்பட்டு வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார்.

அவர் சிறையில் இருந்தபோதுதான், 1941இல், விருதுநகர் நகராட்சி மன்றம் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தலைவரோ கம்பிகளுக்குப் பின்னால். அவருடைய நாற்காலியோ ஊரில் வெறுமையாக. வெள்ளை அரசு அடைத்து வைத்திருக்கும் ஒருவரே எங்கள் தலைவர் என்று ஒரு சிறிய நகரம் துணிந்து அறிவித்த செயல் அது. கவிதைக்கு நல்ல பொருள், நிருவாகத்துக்கு அன்று. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் துப்புரவுத் தொழிலாளரின் சம்பளத்துக்கும் நாள்தோறும் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். வீரம் அந்த வேலையைச் செய்யாது.

விடுதலை பெற்று ஊர் திரும்பிய காமராசர் நகராட்சிக் கூட்டத்துக்குச் சென்றார். தம்மைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி கூறினார். அந்தப் பொறுப்புக்குரிய உழைப்பைத் தம்மால் தர இயலாது என்று விளக்கிப் பதவியிலிருந்து விலகிக்கொண்டார். வாக்களித்த உறுப்பினர்களுக்கு அது மனவருத்தம் தந்திருக்கலாம். ஊரே விரும்பித் தந்த மாலையைக் கழற்றி வைப்பதில் ஒரு கடுமை இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் பெயருக்குத் தலைவராக இருந்துகொண்டு பிறரை வேலை செய்யவிடுவது எளிய வழி. அந்த எளிய வழியை அன்றும் இன்றும் பலர் கூசாமல் மேற்கொள்வதைக் காண்கிறோம்.

விலகல் சரியானதே என்பதை அடுத்த ஆண்டே காட்டியது. 1942 ஆகத்தில் பம்பாய் மாநாட்டிலிருந்து திரும்பியவர், காவல்துறைக்குத் தப்பி அரக்கோணத்தில் இறங்கி, மாவட்டம் மாவட்டமாகப் போராட்டச் செய்தியைச் சேர்ப்பித்தார். வேலை முடிந்ததும் விருதுநகர் வந்து, தாமே காவலருக்குச் சொல்லியனுப்பிக் கைதானார். 1945 வரை சிறை. அந்த நாற்காலியில் அவர் தொடர்ந்திருந்தால், மூன்றாண்டுக் காலம் நகரம் தலைவரின்றித் தவித்திருக்கும்.

1954இல் அவர் முதலமைச்சரானார். அன்னையார் விருதுநகர் வீட்டிலேயே வாழ்ந்து வந்தார். அதே நகராட்சி அவ்வீட்டுக்கு நேரடியாகக் குடிநீர் இணைப்புத் தந்தது. பிறர் குடத்தோடு தெருக்குழாயில் காத்திருக்கும் ஊர். முதலமைச்சரின் தாய்க்கு மட்டும் வீட்டுக்குள் தண்ணீர். செய்தி தெரிந்ததும் காமராசர் அந்த இணைப்பை உடனே துண்டிக்கச் செய்தார். ஒரு குடம் தண்ணீருக்காக நெடுந்தொலைவு நடந்த கரிசல் நாட்டுப் பெண்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மகனுடைய கண்டிப்பின் சுமையை முதிய தாய் சுமந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கட்சிப் பணிக்காக 1963 அக்டோபர் 2இல் முதலமைச்சர் பதவியையும் விட்டு விலகினார். இந்தியா முழுவதும் அதனைப் புதுமையாகக் கண்டு வியந்தது. விருதுநகர் நகராட்சி மன்றத்தாருக்கு அதில் வியப்படைய ஒன்றும் இருந்திராது.

1967 பொதுத்தேர்தலில் அதே விருதுநகரில் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டார். முன்பு சிறையில் இருந்தவரைத் தலைவராக்கிய ஊர், இப்போது அகில இந்தியக் காங்கிரசுத் தலைவராக வந்து நின்றவரை 1285 வாக்குகளில் தோற்கடித்து, பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. இளந்தலைமுறையின் கோபத்துக்கு அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்பு எனக் காரணங்கள் இருந்தன. காமராசர் ஊரைப் பழிக்கவில்லை. மக்களின் முடிவை அமைதியாக ஏற்றார். 1969இல் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர்.

1975 அக்டோபர் 2இல், காந்தியடிகள் பிறந்த நாளில், அவர் மறைந்தார். தண்ணீர்க் குழாய் துண்டிக்கப்பட்ட அந்த விருதுநகர் வீடு பின்னர் நினைவில்லமாயிற்று.