பண்டாரவன்னியன்

வன்னியின் கடைசி மன்னன் என எம்மவர் போற்றும் பண்டாரவன்னியனை நாம் முதலில் அறிந்தது நாடக மேடையில்தான். அவன் வரலாறும் நாடகத்துக்குக் குறைந்ததன்று.

வன்னியரின் ஆட்சியை 1782இல் ஒல்லாந்தர் பறித்தனர். 1795இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஆங்கிலேயர் வன்னியையும் தமதாக்கினர். 1803 யூனில் கண்டியில் ஆங்கிலப் படை அழிந்தது. தருணம் பார்த்திருந்த பண்டாரவன்னியன், கண்டியரின் துணையுடன் ஓகஸ்ட் 25ஆம் திகதி முல்லைத்தீவைத் தாக்கினான். கப்டன் றிபேக்கும் காவற்படையும் படகேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பினர். அதற்கு முந்திய மாதந்தான், அயர்லாந்தின் டப்ளின் நகரில் றொபேட் எமெற் என்ற இளைஞன் அதே ஆங்கில ஆட்சியை எதிர்த்தெழுந்து தோற்றிருந்தான்.

யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் படைகள் வன்னிக்குள் புகுந்தன. ஒக்ரோபர் 31 விடிகாலையில், ஒட்டுசுட்டானுக்கு அருகேயுள்ள கற்சிலைமடுவில் றிபேக் திடீரெனத் தாக்கி அவன் படையை முறியடித்தான்.

றிபேக் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் இதுவென்று பொறித்து, அங்கே ஒரு கல்லும் நாட்டினர். வென்றவனின் புகழுக்காக நாட்டிய கல் அது. ஆனால் றிபேக்கின் பெயரை எம் பிள்ளைகளுக்கு எவரும் வைப்பதில்லை. தோற்றவனின் பெயரோ எம் வீடுகளில் வாழ்கிறது.

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, விடுமுறைக்கு வந்து கண்டி வீதியால் மாங்குளத்தைக் கடக்கும்போது, அவன் கதையை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.