லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (ஏப்ரல் 14, 1822 – மார்ச் 2, 1902) ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரியும் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய இவர், 1857-58 ஆம் ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களின் கோயில்களையும் கோட்டைகளையும் நிலக்காட்சிகளையும் கறுப்பு-வெள்ளைப் படங்களாகப் பதிவு செய்தார். தமிழகத்தின் தொடக்ககால ஒளிப்படங்களுள் இவை முதன்மையானவை. நெகட்டிவ் மீது வண்ணம் தீட்டி, வானத்தையும் மேகங்களையும் திருத்தி அமைத்த இவரது முறை ஒளிப்பட வரலாற்றில் தனியிடம் பெற்றுள்ளது.

இளமைக்காலம்

டிரைப் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், பின்னாளில் டெவன்போர்ட் எனப் பெயர் பெற்ற துறைமுக நகரில் பிறந்தார். பதினேழு வயதளவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, 12-ஆம் சென்னை நாட்டுக் காலாட்படைப் பிரிவில் பணியமர்த்தப்பட்டார். 1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது ஒளிப்படக் கலையைக் கற்றார். 1853 இல் இலண்டனில் தோன்றிய ஒளிப்படச் சங்கத்தின் தொடக்ககால உறுப்பினர்களுள் இவரும் ஒருவர். 1854 இல் இந்தியா திரும்பிப் பெங்களூரில் பணியைத் தொடர்ந்தார்.

மைசூரும் பர்மாவும்

1854 டிசம்பரில் மைசூர் நாட்டின் பேலூர், ஹளபீடு முதலிய இடங்களுக்குச் சென்று ஓய்சளர் கோயில்களைப் படம் எடுத்தார். இப்படங்கள் 1855 இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் வைக்கப்பட்டு, நடுவர்களின் பாராட்டைப் பெற்றன.

1852 இல் நடந்த போருக்குப் பின் பெகு பகுதியைக் கம்பெனி தன் ஆட்சியில் இணைத்துக்கொண்டது. இதனைத் தொடர்ந்து 1855 இல் பர்மிய மன்னர் மின்டோனின் அவைக்கு ஆர்தர் பேர் தலைமையில் ஒரு தூதுக்குழு அனுப்பப்பட்டது. அக்குழுவின் அலுவல்முறை ஒளிப்படக் கலைஞராக டிரைப் சென்றார். மழைக்கால வானிலையும் உடல்நலக் குறைவும் இடையூறாக இருந்தபோதிலும் இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களுடன் திரும்பினார். அவற்றுள் 120 படங்களைத் தேர்ந்து, 50 தொகுதிகளாகப் பெங்களூரில் அச்சிட்டார். அதாவது ஏறக்குறைய 6,000 படிகள் கையால் ஒவ்வொன்றாக ஆக்கப்பட்டன.

சென்னை மாகாணப் பயணம்

பழங்காலக் கட்டடங்களை ஓவியர்களைக் கொண்டு வரைவதற்கு மாறாக ஒளிப்படம் மூலம் பதிவு செய்யலாம் என்னும் கருத்து, 1850-களின் நடுவில் கம்பெனி நிருவாகத்தில் வலுப்பெற்றது. பம்பாய் மாகாணத்தில் தாமஸ் பிக்ஸ் இப்பணிக்கு அமர்த்தப்பட்டார். சென்னை மாகாணத்தில் டிரைப் அமர்த்தப்பட்டார்.

1857 டிசம்பரில் பெங்களூரில் இருந்து புறப்பட்ட டிரைப், மாட்டு வண்டிகளில் கருவிகளையும் வேதிப்பொருள்களையும் ஏற்றிக்கொண்டு உதவியாளர்களுடன் பயணம் செய்தார். வட இந்தியாவில் சிப்பாய்ப் புரட்சி இன்னும் அடங்காதிருந்த காலம் அது. இராயக்கோட்டை, சேலம் மாவட்டப் பகுதிகள், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு ஆகிய இடங்களில் படம் எடுத்துவிட்டு 1858 இல் சென்னையை அடைந்தார். ஊர்வாரியாக இப்படங்கள் 1858 இல் நூல்களாக வெளிவந்தன. மதுரையின் யானைமலை, வைகை ஆற்றின் குறுக்கே சென்ற தரைப்பாதை, தெப்பக்குளம், திருமலை நாயக்கரின் புதுமண்டபம், திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை ஆகியவற்றை இவற்றில் காணலாம்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படம் பிடித்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அமைத்தது இவரது அரிய சாதனை. தென்னிந்தியக் கல்வெட்டுகளைத் தொகுக்கும் பணி அரசளவில் முறையாகத் தொடங்குவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இது செய்யப்பட்டது.

சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் 1858 இல் படம் எடுத்தார். அடுத்த ஆண்டே அவற்றுள் பெரும்பகுதி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. அவை இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

தொழில்நுட்பமும் படத் திருத்தமும்

டிரைப் பெரும்பாலும் மெழுகுத்தாள் நெகட்டிவ் முறையைக் கையாண்டார். பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே 1851 இல் வெளியிட்ட முறை இது. தாளில் மெழுகு ஏற்றி, அயோடைடு கரைசலில் நனைத்து உலர்த்தி, பின்னர் வெள்ளி நைத்திரேட்டினால் ஒளியுணர் தன்மை ஊட்டுவர். ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டைப் படம் எடுத்த இடத்திலேயே உடனுக்குடன் கழுவ வேண்டும். மெழுகுத்தாளையோ முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்து, படம் எடுத்த சில நாள்களுக்குப் பின்னும் கழுவலாம். வெப்பமான நாட்டில் நெடும்பயணம் செய்பவருக்கு இது பெரும் வசதி ஆகும்.

ஆனால் இம்முறைக்குக் குறைகளும் உண்டு. ஒளி படும் நேரம் பல நிமிடங்கள் வரை நீளும். எனவே நடமாடும் மனிதர்கள் படத்தில் பதிவதில்லை. டிரைப்பின் படங்களில் கோயில் முற்றங்களும் சாலைகளும் பெரும்பாலும் ஆளரவமற்றுக் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு குறை வானம் பற்றியது. அக்கால வேதிப்பொருள்கள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தன. சிவப்பையும் பச்சையையும் குறைவாகவே உணர்ந்தன. அதனால் செம்மண் நிலமும் மரஞ்செடிகளும் கருத்துத் தோன்ற, வானமோ அளவுக்கு மீறி ஒளிபட்டுத் திட்டுத்திட்டாகவோ வெறுமையாகவோ தோன்றியது. இதனைச் சரிசெய்ய, டிரைப் நெகட்டிவின் வானப் பகுதியில் தூரிகையால் வண்ணம் பூசினார். நெகட்டிவில் வண்ணம் பூசிய இடத்தில் ஒளி ஊடுருவாது. ஆகையால் அச்சில் அவ்விடம் வெண்மையாக அமையும். இந்த இயல்பைப் பயன்படுத்தி, சில படங்களில் மேகங்களையும், நீரின் சிற்றலைகளையும், இலைகளின் மீது படும் ஒளியையும் இவர் கையால் உருவாக்கினார்.

அரசின் ஆவணமாக எடுக்கப்பட்ட படத்தில், அங்கு இல்லாத மேகத்தைச் சேர்க்கலாமா என்னும் வினா இங்கு எழுகிறது. கட்டடத்தின் உருவத்தைத் துல்லியமாகக் காட்டுவதே இவருக்கு இடப்பட்ட பணி. கருவி காணத் தவறிய வானத்தைக் கண் கண்டவாறு மீட்டளிப்பதாக இத்திருத்தத்தைக் கொள்ளலாம். எனினும், இப்படங்களைக் கொண்டு அன்றைய வானிலையையோ மரங்களின் நிலையையோ ஆராய்பவர் எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். இது டிரைப்புக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. லெ கிரே தம் கடற்காட்சிகள் சிலவற்றில் கடலுக்கு ஒன்றும் வானத்துக்கு ஒன்றுமாக இரண்டு நெகட்டிவ்களை இணைத்தார். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்சு சிவப்பு வடிகட்டியைப் பொருத்தி வானத்தைக் கருமையாக்கி, பாறைகளையும் வறண்ட நிலங்களையும் எடுப்பாகக் காட்டினார்.

பெரம்பலூர், அரியலூர் பகுதி

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் டிரைப்பின் காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. பெரம்பலூர் 1995 இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2007 முதல் தனி மாவட்டமாக உள்ளது. இப்பகுதியில் இரஞ்சன்குடிக் கோட்டையும், முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் கோயிலும் அமைந்துள்ளன. டிரைப் வெளியிட்ட நூல்களின் தலைப்புகளில் திருச்சிராப்பள்ளியும் தஞ்சாவூரும் உள்ளன. கங்கைகொண்ட சோழபுரம் இல்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தின் திருச்சுற்று மதிலில் இருந்த கற்கள், கொள்ளிடத்தின் குறுக்கே 1836 இல் கட்டப்பட்ட கீழணைக்காகப் பெயர்த்து எடுக்கப்பட்டன. அந்த மதில் எவ்வாறு இருந்தது என்பதைக் காட்ட ஒளிப்படம் ஏதும் இருக்க இயலாது. ஒளிப்படக் கலை 1839 இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அழிவதற்கு முன் பதிவு செய்ய வேண்டும் என்னும் எண்ணம் எத்துணை இன்றியமையாதது என்பதை இது உணர்த்துகிறது.

பணி நிறுத்தம்

1859 இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெல்யன், புரட்சிக்குப் பிந்தைய நிதி நெருக்கடியைக் கருதி அரசின் செலவினங்களைக் குறைத்தார். ஒளிப்படப் பணியை மிகுந்த ஆடம்பரம் எனக் கருதிய அவர் அதனை நிறுத்த ஆணையிட்டார். டிரைப்பின் ஒளிப்பட வாழ்க்கை பெரும்பாலும் இத்துடன் முடிவுற்றது. மாகாணத்தின் பிற பகுதிகளைப் படம் எடுக்கும் வாய்ப்பும் அவருக்கு இல்லாது போயிற்று. 1860 இல் இங்கிலாந்து சென்ற இவர், பின்னர் மீண்டும் வந்து படைப்பணியைத் தொடர்ந்தார். 1870-களில் ஓய்வு பெற்றபின் மேஜர் ஜெனரல் என்னும் மதிப்புநிலைப் பட்டம் பெற்றார். 1902 இல் டெவன்போர்ட்டில் காலமானார்.

மதிப்பீடு

ஒளிப்படக் கலைஞராக டிரைப் தீவிரமாகச் செயற்பட்ட காலம் பத்தாண்டுகளுக்கும் குறைவே. நீண்ட காலம் பெரிதும் மறக்கப்பட்டிருந்த இவரது பணி, 2014-15 ஆம் ஆண்டுகளில் வாசிங்டன் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், இலண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகியவற்றில் நடந்த கண்காட்சி மூலம் மீண்டும் பரவலாக அறியப்பட்டது. பிற்காலத்தில் திருப்பணிகளாலும் நகர வளர்ச்சியாலும் மாறிவிட்ட தமிழகக் கோயில்களின் பழைய தோற்றத்தை அறிய, இவரது படங்கள் இன்றும் முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன.